என் பெயரில் ஒரு மதியச் சாப்பாடு

ஆட்களின் இரத்தம் எடுப்பது என் வேலை. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் தங்களை அறியாமலே கையை மடக்கிக்கொள்வார்கள். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லாப்பில், முப்பது வருடங்களுக்கும் மேலாக, ஒரு நீலத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊசி ஏற்றினேன். என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் முகத்தைப் பார்த்ததில்லை. ஊசியைக் கண்டதும் எல்லாரும் மறுபக்கம் திரும்பிச் சுவரைப் பார்ப்பார்கள். அதற்காகவே சுவரில் ஒரு தேயிலைத் தோட்டப் படம் மாட்டி வைத்திருந்தோம். அந்தப் படத்தை எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் வெள்ளவத்தை முழுக்க இருக்கிறார்கள். என்னைக் கண்டால் ஒருவருக்கும் தெரியாது. சந்தையில் ஒருவர் கையை நீட்டி முருங்கைக்காய் தெரிவு செய்யும்போது, இந்தக் கையில் நரம்பு பிடிபடாமல் நான் பட்ட பாடு எனக்கு ஞாபகம் வரும். அவர் என்னை விலக்கிக்கொண்டு போய் விலை கேட்பார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. விரும்பியவர்களின் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகையைக் கழித்து, அக்கம்பக்கத்தில் உள்ள ஏதாவது தர்மகாரியத்துக்குக் கொடுப்பார்கள். விரும்பியவர்கள் என்றுதான் பேர். விரும்பாதவர்களிடம் மேலாளர் இரண்டாம் தடவை வந்து, மெல்லச் சிரித்தபடி, உங்களுக்கு விருப்பமில்லையா என்று கேட்பார். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வோர் இடம். ஒபரேஷன் தியேட்டர் தாதிமாருக்கு இரத்மலானையில் ஒரு சிறுவர் இல்லம். அங்கிருந்து பிள்ளைகள் கலர் பென்சிலால் கீறிய படங்கள் வரும், அவற்றை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துப் பெருமையடிப்பார்கள். லாப்காரருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு முதியோர் இல்லம். வயதுபோனவர்கள் படம் கீறி அனுப்புவதில்லை. எங்களுக்குத் தேயிலைத் தோட்டம் மட்டும்தான்.

சேர்ந்த காசில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அந்த இல்லத்துக்கு மதியச் சாப்பாடு போகும். ஒவ்வொரு மாதமும் எங்களில் ஒருவரின் முறை. யாருடைய முறையோ அவர் சொல்லும் பெயரில் அன்றைய சாப்பாடு. மகனின் பிறந்தநாள் என்றால் சாப்பாடு ஏற்றும் வான் வண்டியில் ஒரு கேக்கும் போகும். செத்தவர்களின் நினைவுநாள் என்றால் கேக் இல்லை, பிரேம் போட்ட படம் போகும். படத்தை அங்கே ஒரு சின்ன மேசையில் வைத்து விளக்கேற்றி, பெயரைச் சொல்லி, எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் அமைதியாக இருந்துவிட்டுச் சாப்பிடுவார்கள். சாமான் விலை தலைக்குமேல் ஏறிய காலத்தில் பல பகுதிகள் மெல்லக் கழன்றுகொண்டன. எங்கள் லாப் விடவில்லை. இரண்டு கறி ஒரு கறியானது, வடை நின்றுபோனது, ஆனால் ஒரு மாதமும் தவறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை, ஒளிப்பானேன்.

ஆனால் நான் ஒருநாளும் அந்த இல்லத்துக்குப் போனதில்லை.

சனிக்கிழமை யாராவது ஒருவர் லாப்பில் நிற்கத்தான் வேண்டும். நான் நிற்கிறேன், நீங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். எல்லாருக்கும் நான் பெரிய தியாகி. உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். கலியாணம் கட்டவில்லை, பிள்ளை குட்டி இல்லை, ஒரே தம்பி கனடாவில். அந்த இல்லத்தின் வாசலில் கால் வைத்தால் எனக்கென்று ஒரு கட்டில் விரித்து வைத்திருப்பார்கள் என்று மனம் சொல்லும். வேறு ஆட்களுக்குக் கொடுக்கத்தான் என் சம்பளத்தில் கழிக்கிறார்கள், நான் அங்கே போய் விழ அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அம்மா இருக்கும்வரை இந்த யோசனைகள் இல்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், நானும் அம்மாவுமாக இருந்தோம். கரையோரத் தண்டவாளத்தில் ரெயின் போகும்போது கண்ணாடி அலுமாரி கிணுகிணுக்கும், அம்மா பேச்சை நிறுத்திக் காத்திருப்பா, ரெயின் போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவா. அம்மா போனபிறகும் ரெயின் வரும்போது நான் நிறுத்துகிறேன். நிறுத்துவதற்குப் பேச்சுத்தான் இல்லை.

தனியாக இருப்பவர்களுக்குத் தெரியும், சாமான் எல்லாம் குடும்பத்துக்கென்றே செய்யப்பட்டவை. தேங்காயைப் பாதியாக விற்கமாட்டார்கள். ஒரு பாதியைத் துருவிச் சம்பல் அரைத்தால் மறுபாதி குளிர்சாதனப் பெட்டியில் கிடந்து மஞ்சளாகும். காலி வீதிச் சைவக்கடையில் ஒரு பார்சல் என்று சொன்னால், ஒண்டு மட்டுமோ என்று கேட்பார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பில் போடக் கேட்கிறார்கள். எனக்கோ சுறுக்கென்று ஏறும். ஓம், ஒண்டு மட்டும், நான் ஒரு ஆள்தான் என்று ஒருநாள் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு பார்சல் வாங்கப் பழகினேன். இரண்டாவதை அடுத்தநாள் காலையில் சூடாக்குவேன்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். நல்லவன். சாப்பிட்டியோ, பிரஷர் எப்பிடி, கதவைப் பூட்டிப்போட்டுப் படு. அவனுடைய பிள்ளைகள் எட்டிப் பார்த்து ஆங்கிலத்தில் ஹாய் சொல்லிவிட்டு ஓடும். அங்கே வா என்று அவன் கூப்பிடுவான். அங்கே போனால் தனிமையோடு குளிரையும் சேர்த்துத் தாங்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பார்ப்போம் என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அம்மா போன பிறகு என் முறை வந்தபோதெல்லாம் அம்மாவின் பெயரில்தான் சாப்பாடு. படத்தைத் துடைத்து, பழைய துவாயில் சுற்றி, வான் டிரைவரிடம் கொடுத்துவிடுவேன். திங்கட்கிழமை படம் பருப்பு வாசத்தோடு திரும்பி வரும். எல்லாம் நல்லபடி நடந்ததா என்று கேட்பேன், நடந்தது என்பார்கள். அம்மாவின் பெயரை அங்கே சொன்னபோது அதைக் கேட்க நான் இருந்ததில்லை. அப்போதுதான் ஒரு யோசனை வந்து ஒட்டிக்கொண்டது. அம்மாவின் படத்தைத் துடைக்க நான் இருக்கிறேன். என் படத்தை யார் துடைப்பார்கள். சாவுக்கு நான் பயப்படுபவள் அல்ல, ஆஸ்பத்திரியில் அதை அன்றாடம் கண்டவள். செத்தபிறகு என் பெயரைச் சொல்லி ஒருவரும் ஒரு பிடி சோறு போடமாட்டார் என்பதுதான் என் பயம். இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அறுபது வந்தது. ஓய்வு பெறும் மாதத்தில் வேலையாட்களின் சம்பளம் கவனிக்கும் பிரிவுக்குப் போய், அந்தக் கழிவை மட்டும் தொடர்ந்து கழிக்க முடியுமா என்று கேட்டேன். அங்கிருந்த பிள்ளை கம்பியூட்டரை ஒருதரம் பார்த்தாள், என்னை ஒருதரம் பார்த்தாள்.

"சம்பளமே இல்லையெண்டால் எதில மிஸ் கழிக்கிறது?"

நியாயமான கேள்வி. காசை நேரே கொண்டுபோய்க் கொடுக்கலாம்தான். எனக்குத் தேவைப்பட்டது காசு கொடுக்கும் வழி அல்ல. லாப்பில் ஒருத்தி என்று ஒரு சங்கிலியில் என் பெயரும் கோத்திருந்தது, அது அறுகிறது. அன்று லிஃப்டில் இறங்கும்போது அந்தக் கலர் பென்சில் படங்களைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது.

லாப்பில் என்னோடு கூட வேலைசெய்தவர்களில் ஒருத்தி, புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. நான் பழக்கிவிட்டவள், இப்போது என்னைவிட இலகுவாக நரம்பு பிடிப்பாள். அவள்தான் எங்கள் பகுதிச் சாப்பாட்டுக்குப் பொறுப்பு. நான் வேலையை விட்டுப் போகும் மாதச் சாப்பாட்டை என் பெயரில் கொடுப்பது என்று எல்லாருமாக முடிவெடுத்துவிட்டு வந்து சொன்னாள். வேறு யாருடையவாவது முறையாக இருக்கும், எனக்கு எதற்கு என்று வழக்கம்போல நழுவப் பார்த்தேன்.

"இந்த முற நீங்க வராட்டி நான் ஒங்களோட பேசவே மாட்டேன், அக்கா," என்றாள்.

என்னோடு பேசாமல் விடக்கூடியவர்களின் தொகை ஏற்கெனவே சிறியது. வருகிறேன் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நான் அம்மாவின் மாம்பழக் கரைச் சேலையைக் கட்டிக்கொண்டேன். எல்லாரும் லாப்பில் காலை வேலையை முடித்துக்கொண்டு ஒன்றாக வருவது என்றும், சாப்பாட்டு வான் முன்னுக்குப் போவது என்றும், நான் வீட்டிலிருந்து நேரே வருவது என்றும் ஏற்பாடு. பஸ்ஸில் புறக்கோட்டைக்குக் கிட்டப் போகும்போது அவள் எடுத்தாள். டெங்குக் காலம், சனம் நெருக்குது, இரத்தப் பரிசோதனைக்கு வரிசை வாசல்வரை நிற்கிறது, கொஞ்சம் பிந்தும், நீங்கள் போய் இருங்கள், கேக்கோடு வருகிறோம் என்றாள். எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. திரும்பினால் சேலையை அவிழ்த்து மடிக்கத்தான் வேலை. போனேன்.

நான் நினைத்துப் பயந்த இடம் அல்ல அது. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீடு, முற்றத்தில் கொடியில் உடுப்புகள், வாசலில் ஒரு பூனை. யாரும் என்னைக் கட்டிலுக்கு இழுத்துப் போகவில்லை. யாரும் என்னைக் கவனிக்கவே இல்லை. எல்லாரும் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்தார்கள், வாசலில் கழற்றிய செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. நானும் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே என் படம் இருந்தது.

ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, அதன் மேல் பிரேம் போட்ட என் படம். ஆஸ்பத்திரி அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெருப்பித்திருந்தார்கள். படத்துக்கு நித்தியகல்யாணிப் பூவில் ஒரு மாலை. முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே தங்க எழுத்தில் என் பெயரும், நான் வேலைக்குச் சேர்ந்த வருடமும், ஒரு சின்னக் கோடும், ஓய்வு பெற்ற வருடமும்.

எனக்கு விளங்க நேரம் எடுக்கவில்லை. பிரியாவிடைக்கு எனக்குப் பரிசளிக்க என்று பிள்ளைகள் படத்தைப் பிரேம் போட்டிருக்கிறார்கள். நான் காணாமல் இருக்க அதை முன்கூட்டியே சாப்பாட்டு வானில் ஏற்றிவிட்டார்கள். கேக் அவர்களோடு லாப்பில் நிற்கிறது. வானில் சாப்பாட்டோடு ஒரு படம் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதிலும் அன்றைக்கு நின்ற பொறுப்பாளர் அம்மா அந்த மாதம்தான் புதிதாக வந்தவ. பெயரும் இரண்டு வருடமும் நடுவில் கோடும் கண்டபிறகு அவ வேறென்ன செய்வா, பாவம். முறைப்படி எல்லாவற்றையும் செய்துவிட்டா.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். பொறுப்பாளர் அம்மா என் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு சேர்த்து வாசித்தா. இவ ஆஸ்பத்திரியில் கனகாலம் சேவை செய்தவ என்றும், குடும்பத்தவர்கள் ஒருவரும் வராதபடியால் கூட வேலைசெய்தவர்களே இந்தச் சாப்பாட்டைத் தருகிறார்கள் என்றும், இவவுடைய ஆன்மா சாந்தியடைய ஒரு நிமிடம் நிற்போம் என்றும் சொன்னா.

முதலில் எனக்கு வந்தது கோபம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தேன். பிறகு அவர்களைப் பார்த்தேன். இருபது முப்பது பேர் இருப்பார்கள். ஊன்றுகோலில் சாய்ந்தபடி, கதிரையின் முதுகைப் பிடித்தபடி, சிலர் கும்பிட்டபடி, சிலர் சிலுவை போட்டபடி, எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் சுவரைப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்காக நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் நானும் நின்றேன்.

ஒரு தாத்தா தேவாரம் ஒன்று பாடினார். தொண்டை அடைத்து நடுவில் நின்றுபோனார், செருமிவிட்டுத் தொடர்ந்தார். பாடி முடிந்து கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டபோது எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா என் பக்கம் சாய்ந்தா. எண்பது வயதிருக்கும். தடித்த கண்ணாடி, இறுக்கிப் பின்னிய சின்னக் கொண்டை. படத்துக்குக் கீழே இருந்த வருடங்களை மனதுக்குள் கழித்துப் பார்த்திருப்பா.

"முப்பத்துச் சொச்சம் வயசுதான்," என்றா. "அந்த வயசுக்குச் சரியா இடிஞ்சுபோன முகம்."

நான் சிரித்திருக்கவேண்டும். சிரிப்பு வரும் இடத்துக்கு வேறொன்று வந்து நின்றது. அவ என்னை மேலும் கீழும் பார்த்தா.

"நீங்கள் அவவுக்கு என்ன முறை?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"அவவோட ஒண்டா இருந்தனான்."

"கனகாலமோ?"

"கனகாலம்."

"அப்ப இனி நீர் வீட்டில தனிய."

ஓம் என்றேன். அந்த ஓமை நான் அதற்குமுன் யாருக்கும் சொன்னதில்லை. தம்பிக்குப் பரவாயில்லை என்று சொல்வேன், லாப்பில் எனக்கென்ன குறை என்று சொல்வேன், சைவக்கடையில் இரண்டு பார்சல் என்று சொல்வேன். முன்பின் தெரியாத ஒரு மனிசியிடம், செத்துப்போன எனக்காக, ஓம் தனிய என்று சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. சாவீடுகளில் தூர நின்று நாகரிகமாகக் கண் துடைப்பவள் நான். அன்று மூக்கு ஒழுக அழுதேன்.

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினா. சாப்பாடு கொண்டுவருபவர்கள் பரிமாறுவதும், கடைசியில் ஒபிசுக்குள் இருந்து தனியே சாப்பிடுவதும்தான் அங்கே முறை என்று எங்கள் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது அவவுக்குத் தெரியாதா அல்லது கணக்கெடுக்கவில்லையா, எனக்கும் ஒரு சோற்றுக் கோப்பை வைக்கச் சொன்னா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. என் பெயரில் வந்த சாப்பாட்டை நானே சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூட. அவவும் அதையே சொன்னா, ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு.

நடுவில் அவ என்னைப் பற்றி விசாரித்தா. ஆள் எப்படி என்று கேட்டா. கோவக்காரி என்றேன். வேலையில் கெட்டிக்காரி, கை நோகாமல் ஊசி ஏற்றுவா என்றேன். வெள்ளவத்தையில் அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவ என்றேன். பிறகு கொஞ்சம் யோசித்து, ஆரோடையும் வலியப் போய்க் கதைக்கமாட்டா, ஆக்கள் வந்தால் கதைப்பா, ஆக்கள் வரேல்லை என்று சொன்னேன்.

"அவவும் போயிருக்கலாம்தானே," என்றா அந்த அம்மா, கத்தரிக்காயை ஒதுக்கியபடி.

இருந்தாப்போல மறுபடியும் மேசைப் பக்கம் பார்த்தா. இந்த முகத்தின் சாயலில் இன்னொரு படம் முந்தியும் வருவதுண்டு, வயதுபோன ஒரு அம்மா, நல்ல களையான முகம் என்றா. படம் மட்டும் வரும், பின்னால் ஆட்கள் வருவதில்லை, நாங்கள்தான் அந்த அம்மாவுக்காக எழும்பி நிற்போம் என்றா. கோப்பையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்காக இந்த மனிசி எழுந்து நின்றிருக்கிறா, முழங்கால் நோவோடு, வருடா வருடம். நான் துவாயில் சுற்றிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

கை கழுவப் போகும்போது அவ என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. நல்ல பாரம்.

"அவ இல்லையெண்டு போட்டு நீர் வராம விடாதேயும்," என்றா. "வெள்ளவத்தையிலயிருந்து பஸ் இருக்கெல்லோ."

அந்த நேரத்தில்தான் வாசலில் சத்தம் கேட்டது. லாப்காரர் வந்துவிட்டார்கள். முன்னால் எங்கள் பொறுப்புக்காரி, இரண்டு கையிலும் கேக் பெட்டியை ஏந்தியபடி. உள்ளே வந்தவள் மேசையைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். கேக்கைப் பக்கத்தில் நின்றவனிடம் தள்ளிவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அல்லாஹ், அக்கா, அக்கா என்று சொன்னதையே சொன்னாள். பொறுப்பாளர் அம்மா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, முகம் வெளிறி, விளக்கை அவசரமாக ஊதி அணைத்தா. அணைத்தபிறகுதான் விளக்கை ஊதி அணைப்பது சகுனப்பிழை என்று ஞாபகம் வந்து இன்னும் வெளிறினா. நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, யாரோ தண்ணீர் தந்தார்கள்.

விசயம் மண்டபம் முழுக்கப் பரவக் கொஞ்ச நேரம் எடுத்தது, காது கேளாதவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. தேவாரம் பாடிய தாத்தா என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். நல்லாய்ப் பாடினீர்கள் என்று சொன்னேன், பொய்யில்லை. கேக் வெட்டினோம். இனிப்பு நோய்க்காரர்கள்தான் பெரிய துண்டு கேட்டார்கள்.

அந்தக் கண்ணாடி அம்மா மட்டும் கேக் எடுக்கவில்லை. படத்தை மடியில் வாங்கி வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, படத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. ஏமாற்றிவிட்டேன் என்று ஏசப்போகிறா என்று காத்திருந்தேன். அவவோ மாலையைக் கழற்றித் தன் சேலை முந்தானையால் கண்ணாடிச் சட்டத்தை நன்றாகத் துடைத்தா, மூலைகளையும் விடாமல். துடைத்து என் கையில் தந்தா. நான் இத்தனை வருடம் நினைத்து நினைத்துப் பயந்த கேள்வி ஒன்று இருந்ததே, அதை அந்த இடத்தில் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுவரில் மாட்ட ஒரு மாதிரி இருந்தது. அம்மாவின் படத்துக்குக் கீழே, சுவரில் சாய்த்து நிலத்தில் வைத்தேன். ரெயின் போனபோது இரண்டும் சேர்ந்து கிணுகிணுத்தன.

பிறகு வந்த கிழமைகளை எப்படிச் சொல்வது. காலையில் எழும்புவேன், சேலையைக் கையில் எடுப்பேன், போக இடம் இல்லை என்று ஞாபகம் வரும். லாப்பிலிருந்து முதல் கிழமை எல்லாரும் எடுத்தார்கள், இரண்டாம் கிழமை அவள் மட்டும். வேலை, பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்லமுடியாது. தேங்காயின் மறுபாதி மஞ்சளாகியது. கடைக்காரனோடு சிங்களத்தில் பேசிய நாலு சொல்லுத்தான் சில நாட்களில் நான் பேசிய மொத்தப் பேச்சு. இப்படியே போனால் அந்தப் படத்தில் இருந்த கோடு பிழையில்லை என்று ஒருநாள் யோசித்தேன்.

அடுத்த மாதச் சாப்பாட்டுச் சனிக்கிழமை வந்தது. சாப்பாடு வேறு யாருடைய பெயரிலோ, யாருடைய முறை என்று எனக்குத் தெரியாது. இனி நான் லாப்காரி அல்ல, கொடுப்பவர்களோடு போய் நிற்க எனக்கு உரிமை இல்லை. வாங்குபவர்களோடு இருக்கவும் நான் அந்த வீட்டு ஆள் அல்ல. என்ன பேரில் போவது என்று காலை முழுக்க யோசித்துக்கொண்டே உடுத்தினேன். காலி வீதியில் பஸ் வந்தபோது ஏறாமல் விட்டேன். அடுத்ததும் வந்தது, ஏறினேன்.

பூனை அதே வாசலில் படுத்திருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டு, உள்ளே போவதா என்று தெரியாமல் நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றேன். அந்த அம்மா வாசலைப் பார்த்தபடிதான் இருந்தா. தடித்த கண்ணாடிக்குள்ளால் என்னைக் கண்டுகொள்ள அவவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு பக்கத்தில் இருந்தவவை முழங்கையால் இடித்து, குசினிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னா:

"அந்தச் செத்தவ வந்திட்டா. அவவுக்கும் ஒரு கோப்பை வையுங்கோ."